விலைவாசி, வட்டி, வேலை: ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணக் கொள்கை என்றால் சுருக்கமாக என்ன?

நாட்டில் கடன் எவ்வளவு எளிதாக, என்ன வட்டிக்குக் கிடைக்க வேண்டும் என்று மத்திய வங்கி எடுக்கும் முடிவுகளே பணக் கொள்கை. இந்தியாவில் அந்தப் பொறுப்பு 1935இல் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறது. அதன் முதன்மையான கருவி ரெப்போ விகிதம். வங்கிகள் அரசுப் பத்திரங்களை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும்போது கட்டும் வட்டி அது. மக்கள் போட்டு வைத்திருக்கும் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வட்டியில்லாமல் வைத்திருக்க வேண்டும். ரொக்க இருப்பு விகிதம் எனப்படும் இது இன்னொரு கருவி.

வரி போடுவது, மானியம் கொடுப்பது, சாலை அமைப்பது, ஊரக வேலைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் அரசின் வேலை. அவை இதில் சேராது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகள் எளிதாகும்.

மும்பையில் ரெப்போ விகிதத்தை உயர்த்தினால் எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி விலை எப்படிக் குறையும்?

குறையாது. நியாயமான சந்தேகம்தான் இது. மழை பொய்த்தோ, அதிகமாகப் பெய்தோ, பயிரில் நோய் விழுந்தோ வரத்து குறைந்தால் விலை ஏறும். அடுத்த அறுவடை வந்தால் இறங்கும். வட்டி விகிதம் ஒரு தக்காளிச் செடியைக்கூட வளர்க்காது.

2023 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சில நகரங்களில் அதன் இரு மடங்குக்குப் போனது. அந்த மாதம் சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலைகள் ஓராண்டில் ஏறிய வேகம், 7.44 சதவீதம். தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. ஆகஸ்ட் கூட்டத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. புதிய வரத்து வந்தது, அக்டோபரில் பணவீக்கம் 4.87 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த நேரத்தில் வட்டியை ஏற்றியிருந்தால் தக்காளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கடன் வாங்கியவர்களுக்குத்தான் வலித்திருக்கும்.

அப்படியானால் வட்டி எதைக் கட்டுப்படுத்துகிறது? மக்களும் நிறுவனங்களும் மொத்தமாகச் செலவிடும் வேகத்தை. கடன் விலை ஏறும்போது வீடு வாங்குவதைச் சிலர் தள்ளிப்போடுவார்கள், இரு சக்கர வண்டி விற்பனை மந்தமாகும், ஒரு தொழிற்சாலை புதிய இயந்திரம் வாங்கும் திட்டத்தை மூட்டை கட்டும். வாங்குபவர்கள் குறைந்தால் விற்பவர்களால் விலையை ஏற்ற முடியாது. சிமென்டு, கம்பி, வாடகை, துணி, கூலி என்று எல்லாப் பக்கமும் விலையேற்றத்தின் வேகம் தணியும்.

இதைவிட முக்கியமான இன்னொரு வழி உண்டு. ஒரு பொருளின் விலை ஏறும்போது, இனி எல்லாமே இப்படித்தான் ஏறும் என்று மக்கள் நம்ப ஆரம்பித்தால், தொழிலாளர் அதற்கேற்பக் கூலி கேட்பார்கள், கடைக்காரர் அதற்கேற்ப விலை வைப்பார். தக்காளியில் தொடங்கியது ஆட்டோ கட்டணம், பள்ளிக் கட்டணம், உணவகச் சாப்பாடு வரை பரவி அங்கேயே தங்கிவிடும். அந்தப் பரவலைத் தடுப்பதுதான் ரிசர்வ் வங்கியால் செய்யக்கூடிய வேலை.

அதாவது, வட்டி உயர்வு வேலைகளைக் குறைத்துத்தான் விலையைக் குறைக்கிறதா?

பெருமளவில் ஆம். இதை அறிவிப்புகளில் இப்படி நேரடியாகச் சொல்வதில்லை. 'தேவையைச் சீராக்குதல்' என்பார்கள். தள்ளிப்போன வீடு என்பது ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிடைக்காமல் போன வேலை. வாங்கப்படாத இயந்திரம் என்பது வராமல் போன சில பணியிடங்கள். விலையேற்றத்துக்கு இவர்கள் யாரும் காரணமல்ல. அதன் மருந்துச் செலவை மட்டும் இவர்கள் கட்டுகிறார்கள்.

அதனால் வட்டியை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுக்கடங்காத விலைவாசி முதலில் அடிப்பதும் இதே மக்களைத்தான். நிலமும் தங்கமும் வைத்திருப்பவரின் சொத்து விலைவாசியோடு சேர்ந்து ஏறும். தினக்கூலியின் கையில் இருக்கும் நோட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே யார் கட்டுகிறார்கள், எவ்வளவு, எத்தனை காலம் என்பதை வெளிப்படையாகப் பேசிவிட்டு வட்டியை உயர்த்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

4 சதவீதம் என்ற இலக்கு எங்கிருந்து வந்தது?

2010 முதல் 2013 வரை நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வங்கியில் பணம் போட்டவர்களுக்குக் கிடைத்த வட்டியை விலைவாசி விழுங்கியது. மக்கள் தங்கத்தின் பக்கம் ஓடினார்கள்.

2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் ஆளுநரான ரகுராம் ராஜன், அப்போது துணை ஆளுநராக இருந்த உர்ஜித் படேல் தலைமையில் ஒரு குழு அமைத்தார். 2014 ஜனவரியில் அது அறிக்கை தந்தது. 2015 பிப்ரவரியில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டமே திருத்தப்பட்டது. சில்லறைப் பணவீக்கம் 4 சதவீதமாக இருக்க வேண்டும். 2 வரை இறங்கலாம், 6 வரை ஏறலாம். இலக்கை நிர்ணயிப்பது மத்திய அரசு, அதை எட்டுவது ரிசர்வ் வங்கியின் கடமை. 2021இல் இதே இலக்கு மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

முன்பு ஆளுநர் ஒருவரின் கையில் இருந்த வட்டி முடிவு இப்போது ஆறு பேர் குழுவிடம் இருக்கிறது. மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் அரசு நியமிக்கும் வெளி உறுப்பினர்கள். வாக்குகள் சமமானால் ஆளுநரின் கூடுதல் வாக்கு முடிவு செய்யும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள்.

இலக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

தொடர்ந்து மூன்று காலாண்டுகளுக்குச் சராசரிப் பணவீக்கம் வரம்புக்கு வெளியே இருந்தால் அது தோல்வி. காரணம் என்ன, என்ன செய்யப்போகிறோம், எப்போது இலக்குக்குத் திரும்புவோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

2022இல் அது நடந்தது. உக்ரைன் போரால் எண்ணெயும் தானியமும் விலை ஏறின. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆனது. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதப் புள்ளிகள். இருந்தும் 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டுகள் வரம்பைத் தாண்டிவிட்டதால், நவம்பர் 3ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டி விளக்கக் கடிதத்தை இறுதி செய்தார்கள்.

அந்தக் கடிதம் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. வெளியிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்பது அரசின் பதில். எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. விலையேற்றத்தையும் வட்டி உயர்வையும் சுமந்தது மக்கள். ஏன் தவறியது என்ற விளக்கத்தைப் படிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லையென்றால் பொறுப்புக்கூறல் பாதியில் நிற்கிறது. பிரிட்டனில் மத்திய வங்கியின் ஆளுநர் இதே மாதிரி எழுதும் கடிதம் வெளியிடப்படுகிறது. இங்கே மட்டும் அது ஏன் கோப்புக்குள் இருக்க வேண்டும்?

வேலைவாய்ப்புக்கும் இப்படி ஓர் இலக்கு உண்டா?

இந்தியச் சட்டத்தில் இல்லை. வளர்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு விலை நிலைத்தன்மையைக் காக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. விலைக்கு ஓர் எண், காலக்கெடு, தவறினால் விளக்கம் என்று எல்லாம் இருக்கிறது. வேலைக்கு எண்ணும் இல்லை, விளக்கமும் இல்லை.

அமெரிக்காவில் 1977இல் செய்த திருத்தப்படி மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், விலை நிலைத்தன்மையோடு அதிகபட்ச வேலைவாய்ப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பணவீக்க இலக்கு முறையை 1990இல் முதலில் கொண்டுவந்த நியூசிலாந்து, 2018இல் வேலைவாய்ப்பையும் சேர்த்தது; ஆட்சி மாறியதும் 2023 இறுதியில் நீக்கிவிட்டது. அறிஞர்களிடையே முடிவுக்கு வராத விவாதம் இது. ஒரே கருவியை வைத்துக்கொண்டு இரண்டு இலக்குகளைத் துரத்தினால் இரண்டும் தவறும் என்பது ஒரு தரப்பு. அளக்காததை யாரும் கவனிப்பதில்லை என்பது மறு தரப்பு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். இந்தியாவில் வேலைக்கு எண் இலக்கு வைப்பது இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவராமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு வட்டி முடிவும் வேலைகளை என்ன செய்யும் என்ற மதிப்பீட்டை வெளியிடச் சட்டம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

விலைவாசி ஏறினால் வேலையின்மை குறையும், விலைவாசி இறங்கினால் வேலையின்மை கூடும் என்று கல்லூரியில் படித்தோம். அது உண்மையா?

அந்தத் தொடர்பைக் காட்டும் வளைகோட்டை வரைந்தவர் நியூசிலாந்தில் பிறந்த பொருளியல் அறிஞர் ஏ. டபிள்யூ. பிலிப்ஸ். 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டனின் புள்ளிவிவரங்களை வைத்து, வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியதை 1958இல் காட்டினார். அரசுகள் அதை விலைப்பட்டியலாகவே எடுத்துக்கொண்டன: கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் கொஞ்சம் வேலை கிடைக்கும் என்று.

பொருளியல் அறிஞர்கள் மில்டன் ஃபிரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960களின் பிற்பகுதியில் இதை மறுத்தார்கள். விலை ஏறுவது பழகிப்போனால் தொழிலாளர் முன்கூட்டியே கூடுதல் கூலி கேட்பார்கள், நிறுவனங்களும் முன்கூட்டியே விலை ஏற்றும். அப்போது பணவீக்கம் மட்டும் மிஞ்சும், கூடுதல் வேலை மிஞ்சாது என்றார்கள். 1970களில் எண்ணெய் விலை வெடித்தபோது மேற்கு நாடுகளில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின.

எனவே குறுகிய காலத்தில் அந்தத் தொடர்பு பெரும்பாலும் இருக்கிறது, நீண்ட காலத்துக்கு அதை நம்ப முடியாது என்பதே இன்று பலரும் ஏற்கும் விடை. ஆனால் வேலை இழந்தவரின் வீட்டில் குறுகிய காலம் என்பது மிக நீண்ட காலம். பாடப்புத்தகங்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வேலையின்மையைப் பெருக்காமல் பணவீக்கத்தை அடக்கிய நாடு உண்டா?

அமெரிக்காவிலேயே இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது.

1979 ஆகஸ்டில் ஃபெடரல் ரிசர்வின் தலைவரான பால் வால்கர், பணவீக்கத்தை முறிப்பது என்று முடிவெடுத்தார். 1980 மார்ச்சில் அது 14.8 சதவீதம். குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை ஒட்டிச் சென்றது. வீடு கட்டும் தொழில் படுத்தது. கட்டுமானக்காரர்கள் விற்காத மரத்துண்டுகளை ஃபெடரல் ரிசர்வுக்குத் தபாலில் அனுப்பினார்கள். கடனில் மூழ்கிய விவசாயிகள் டிராக்டர்களோடு வாஷிங்டனுக்கு வந்து அதன் தலைமையகத்தை மறித்தார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1983இல் பணவீக்கம் 3 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. வால்கரைப் பலர் வீரராகக் கொண்டாடுகிறார்கள். அந்த மரத்துண்டுகளையும் அதே பக்கத்தில் எழுதினால்தான் வரலாறு முழுமையாகும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதம். மார்ச் 2022இல் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 வரை கொண்டுபோனார்கள். பெரிய மந்தம் வரும் என்று ஏராளமானோர் கணித்தார்கள். வரவில்லை. 2023 ஏப்ரலில் வேலையின்மை 3.4 சதவீதம், பணவீக்கமோ இறங்கிக்கொண்டிருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? இரண்டாவது முறை விலையேற்றத்தில் பெரும் பங்கு பெருந்தொற்றில் அறுந்த சரக்குப் போக்குவரத்தாலும் போராலும் வந்தது. அவை சீரானபோது விலையும் சீரானது. கூடவே, பணவீக்கம் மீண்டும் குறையும் என்ற நம்பிக்கை மக்களிடம் உடையாமல் இருந்தது. 1979இல் அந்த நம்பிக்கை சிதைந்து பத்தாண்டு ஆகியிருந்தது. நம்பிக்கை உடைவதற்கு முன்பே செயல்பட்டால் வேலைகளில் கொடுக்கும் விலை குறைகிறது.

வட்டியைக் குறைவாகவே வைத்திருந்தால் தொழில் பெருகி வேலை பெருகாதா?

துருக்கி அதைச் செய்து பார்த்தது. 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டியை, விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோதே, ஆண்டு இறுதிக்குள் 14 ஆகக் குறைத்தார்கள். அதிக வட்டிதான் பணவீக்கத்துக்குக் காரணம் என்று அதிபர் எர்டோகன் நம்பினார். அந்நாட்டு நாணயமான லிராவின் மதிப்பு சரிந்தது, இறக்குமதி விலைகள் எகிறின, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. பிறகு 2023 ஜூனில் திசை திருப்பி, 2024 மார்ச்சுக்குள் வட்டியை 50 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டியதாயிற்று.

மறுபக்கம், மலிவான கடன் எப்போதும் வேலையை உருவாக்குவதும் இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது ரிசர்வ் வங்கி ரெப்போவை மார்ச்சில் 4.4 ஆகவும் மே மாதத்தில் 4 சதவீதமாகவும் வெட்டியது. அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. கடையைத் திறக்கவே அனுமதியில்லாத வியாபாரிக்கு வட்டி எவ்வளவாக இருந்தால் என்ன? அப்போது தேவைப்பட்டது அரிசியும் கையில் பணமும், சிறு தொழில்களுக்கு அரசின் கடன் உத்தரவாதமும்தான்.

அரசு நோட்டு அச்சடித்து வேலை கொடுக்கக் கூடாதா?

இந்தியாவில் 1997 வரை அரசு தன் பற்றாக்குறைக்குத் தற்காலிகக் கருவூலப் பத்திரங்களை வெளியிட, ரிசர்வ் வங்கி தானாகவே பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது அந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பணக் கொள்கை என்று ஒன்று இங்கே தனித்து இயங்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான் என்பேன்.

கட்டுப்பாடு போனால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் வரிசையில் நின்று அனுபவித்தார்கள். 2019 இறுதியில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. சுற்றுலா வருமானம் நின்றது, அந்நியச் செலாவணி தீர்ந்தது, 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த திடீர்த் தடையால் விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது.

அதே ஏப்ரல் 8ஆம் தேதி, புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். எண்ணளவில் வெற்றிதான். ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, கூலி அந்த விலைகளை எட்டவும் இல்லை. 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடை செய்தது.

பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வருகிறது. கடையில் விலை குறையவில்லையே?

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தாலும் ஏற்றம் நின்றுவிடாது. கடந்த ஆண்டு 100 ரூபாயாக இருந்த பொருள் 108 ஆகி, இந்த ஆண்டு 110 ஆனால், பணவீக்கம் 8இலிருந்து 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. உங்கள் சட்டைப்பையிலிருந்து போவதோ 110தான்.

ரெப்போ உயர்வு என் வீட்டுக் கடனை எவ்வளவு பாதிக்கும்?

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, இணைக்கப்பட்டவை. எனவே ரெப்போ ஏறினால் விரைவில் உங்கள் வட்டியும் ஏறும்.

30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். 2022-23இல் நடந்ததுபோல இரண்டரைப் புள்ளி ஏறி 9.5 சதவீதம் ஆனால் சுமார் 27,960. மாதம் 4,700 ரூபாய் கூடுதல். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுகிறோம் என்று வங்கி சொன்னால் கவனமாக இருங்கள். இந்தக் கடனின் தொடக்கத்திலேயே அந்த உயர்வு வந்திருந்தால், ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் வளரும். இப்படி நடக்கக் கூடாது, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கந்துவட்டிக்கும் நுண்கடனுக்கும் இது பொருந்துமா?

நடைமுறையில் இல்லை. தினசரி வசூல் தண்டலுக்கு ரெப்போ என்ற சொல்லே தெரியாது. மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் நுண்நிதி நிறுவனங்கள் வாங்கும் வட்டி, ரெப்போ குறைந்தாலும் பெரிதாக இறங்குவதில்லை. குறைந்த வட்டியின் பலன் மாதச் சம்பளக்காரருக்கும் பெரிய நிறுவனத்துக்கும் சீக்கிரம் சேருகிறது. வட்டி ஏறி வேலை குறையும்போது மட்டும் அந்தப் பாதிப்பு தவறாமல் கடைசி ஆள் வரை போகிறது.

இந்தியாவில் வேலையின்மை 3.2 சதவீதம்தானே? பிறகு ஏன் கவலை?

2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆகக் குறைந்தது என்கிறது அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பின்படி வேலை செய்பவர்களில் 58 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சுயதொழில் செய்பவர்கள். குடும்பக் கடையிலோ வயலிலோ சம்பளமில்லாமல் உதவுபவரும் இதில் சேர்த்தி.

நம் நாட்டில் ஏழைகளால் வேலையில்லாமல் இருக்க முடியாது. திருப்பூரில் பின்னலாடை ஆர்டர் குறைந்தால் தையல் தொழிலாளியின் பெயர் வேலையின்மைப் பட்டியலில் ஏறுவதில்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை நான்கு நாள் ஆகும், மிகைநேரக் கூலி போகும், அல்லது ஊருக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தில் இன்னொரு ஜோடிக் கையாகச் சேருவார். கணக்கில் அவர் வேலை உள்ளவர். அமெரிக்காவில் வட்டி உயர்வின் விலை வேலையின்மை விகிதத்தில் தெரிகிறது. இங்கே அது குறைந்த வேலைநாளிலும் குறைந்த கூலியிலும் கரைந்து போகிறது. அதனால்தான் வட்டி முடிவு எடுப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. 2025இலிருந்து மாதந்தோறும் வேலைவாய்ப்பு விவரங்கள் வெளியாகின்றன. நல்ல தொடக்கம். அதோடு வேலை செய்த மணி நேரமும் விலைவாசியைக் கழித்த உண்மைக் கூலியும் அதே முக்கியத்துவத்துடன் பேசப்பட வேண்டும்.

உணவுப் பொருள்களை விட்டுவிட்டு மற்ற விலைகளுக்கு மட்டும் இலக்கு வைத்தால் என்ன?

2024 ஜூலையில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இதை முன்வைத்தது. வட்டியால் உணவு விலையை மாற்ற முடியாது என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதமாக இருந்தது. ஏழைக் குடும்பத்தில் இன்னும் அதிகம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் இல்லாத ஒரு விலைவாசியை எந்தக் குடும்பத் தலைவியும் நம்பமாட்டார். மக்கள் நம்பாத எண்ணை வைத்து மக்களின் எதிர்பார்ப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது? உணவை இலக்கில் வைத்துக்கொண்டு, தக்காளி போன்ற தற்காலிக ஏற்றங்களின்போது பொறுமை காப்பதே சரி. கிடங்கும் குளிர்பதனமும் கொள்முதலும் அரசின் பொறுப்பு.

வட்டி முடிவு எப்போது பலன் தரும்?

உடனே தராது. உற்பத்தியிலும் வேலையிலும் தெரியச் சில காலாண்டுகள், விலையில் தெரிய அதைவிடச் சற்று அதிகம். எனவே ரிசர்வ் வங்கி இன்றைய விலைக்கு அல்ல, அடுத்த ஆண்டின் விலைக்கு வைத்தியம் செய்கிறது. கணிப்பு தவறினால் மருந்து தேவையில்லாத நேரத்தில் வேலை செய்யும்.

2024இல் இதுதான் சர்ச்சையானது. ஜூன் கூட்டத்தில் நால்வர் 6.5 சதவீதத்தில் நீடிக்க வாக்களிக்க, வெளி உறுப்பினர்களான ஜெயந்த் வர்மாவும் ஆஷிமா கோயலும் கால் சதவீதப் புள்ளி குறைக்க வேண்டும் என்றார்கள். விலைவாசியைக் கழித்த பிறகும் வட்டி தேவைக்கு மேல் இருக்கிறது, அது வளர்ச்சியைப் பலி கேட்கிறது என்று வர்மா எழுதினார். குறைப்பு 2025 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம், வரம்பின் கீழ்எல்லையான 2 சதவீதத்துக்கும் வெகு கீழே. உணவு விலை இவ்வளவு இறங்கும் என்று 2024இல் யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், கூடுதலாகக் காத்திருந்த மாதங்களில் எத்தனை முதலீடுகள் தள்ளிப்போயின என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது.

அடுத்த அறிவிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

தலைப்புச் செய்தி ரெப்போ மாறியதா இல்லையா என்பதோடு நின்றுவிடும். வாக்கு எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். 6-0 என்பதற்கும் 4-2 என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அடுத்த நான்கு காலாண்டுகளுக்கான பணவீக்கக் கணிப்பையும் வளர்ச்சிக் கணிப்பையும் முந்தைய அறிவிப்போடு ஒப்பிடுங்கள். கூட்டம் முடிந்த பதினான்காம் நாள் அதன் குறிப்பு வெளியாகும். ஆறு பேரும் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று தனித்தனியே எழுதியிருப்பார்கள். அதில் வேலை, கூலி பற்றி யார் எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.